ஏதுமில்லாத இடத்தில்

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1990-இல் ஏவப்பட்டபோது அதன் கண்ணாடி விளிம்பில் தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்களவு பிழை இருந்தது. உலகமே நகைத்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று அக்குறையை நீக்கினர்.

இரண்டே ஆண்டுகளில், பால்ட்டிமோர் நகரிலுள்ள அதன் ஆய்வு நிலைய இயக்குநர் இராபர்ட் வில்லியம்ஸ் துணிச்சலான முடிவொன்றை எடுத்தார். தமக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் பத்து நாள்களை, சப்தரிஷி மண்டலப் பகுதியில் வெறுமையாய்த் தோன்றிய ஓர் இருண்ட துண்டை நோக்கவே செலவிடுவதென்று! நூறு மீட்டருக்கு அப்பால் வைத்த டென்னிஸ் பந்தின் அளவே அத்துண்டு. பெரிதாக ஒன்றும் புலப்படாது என்றார் வானியலார் ஜான் பாகால். இத்தொலைநோக்கிக்காக நெடுங்காலம் வாதாடியவர் அவர். இன்னொரு தோல்வியை மக்கள் பொறுப்பரோ என்ற அச்சத்தில் நியாயமும் இருந்தது.

1995 டிசம்பர் 18 முதல் 28 வரை, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்றும் ஓய்வின்றி, 342 படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றை ஒன்றிணைத்தபோது ஏறத்தாழ 3,000 விண்மீன் பேரடைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் கோடானுகோடி விண்மீன்களின் திரள்! சிலவற்றின் ஒளி புறப்பட்டு ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது.

எடுத்த படங்களை ஓராண்டு தமக்கே வைத்துக்கொள்வது அன்றைய வானியலார் வழக்கம். வில்லியம்ஸோ 1996 சனவரியிலேயே அவற்றை அனைவருக்கும் திறந்துவிட்டார்.