போர்டு ஓரத்தில் ஒரு பெயர்

டெல்லி டூர் என்றால் செங்கோட்டை, குதுப்மினார் என்று சுற்றிவிட்டு ரயில் ஏறிவிடுவோம். அடுத்த முறை ஒரு காலைப் பொழுதை லோதி காலனிக்கு ஒதுக்குங்கள். ஜோர்பாக் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். டிக்கெட் கிடையாது.

பிரிட்டிஷ் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1940-களில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இது. கன்னா மார்க்கெட், மெஹர்சந்த் மார்க்கெட் பக்கமுள்ள தெருக்களில் நடந்தால், உயரமான சுவர்களில் 50-க்கும் மேற்பட்ட பிரமாண்ட ஓவியங்கள். ஜான்சி ராணியை வரைந்தவர் ஜப்பானில் பிறந்த ஐகோ. பறவைகளைப் பறக்கவிட்டவர் மெக்சிகோவின் சென்கோ.

இவர்களை அழைத்துவந்தது ஸ்டார்ட் இந்தியா அமைப்பு. நம் சென்னை கண்ணகி நகர் சுவர்களுக்கு வண்ணம் சேர்த்ததும் இவர்கள்தான். இதை நிறுவியவர்களில் ஒருவரான ஹனிஃப் குரேஷிக்கு ஓவியத்தைவிட எழுத்தின் மீது காதல் அதிகம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு, கடை போர்டு எழுதும் பெயின்டர்கள் பலர் தொழிலை விட்டார்கள். குரேஷி அப்படிப்பட்டவர்களைத் தேடிப்போய், அவர்களின் எழுத்துகளை கம்ப்யூட்டர் ஃபான்ட்டுகளாக மாற்றினார். 2024-ல், 41 வயதில் அவர் இறந்தபோது அந்த எழுத்துகள் மிஞ்சின.

நம் ஊர் போர்டுகளிலும் கீழே ஓரமாக ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் ஒரு பெயர் இருக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒன்று மிச்சமிருந்தால், கடைக்காரர் கழற்றுவதற்குள் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தப் பெயரும் தெரிகிற மாதிரி!