பத்து மணிக்கு மேல் பாட்டு
மும்பையில் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஒரு ஹவுசிங் சொசைட்டியில் ஒரே ஒரு பிளாட் ‘பார்ட்டி வீடு’ ஆகிவிட்டால் போதும், சனிக்கிழமை இரவு கட்டடமே தூங்காது. செக்ரட்டரி நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டுவார். வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பல் குவியும். போலீசுக்கு மட்டும் யாரும் போகமாட்டார்கள். மறுநாள் அதே லிஃப்டில் அந்த ஆசாமியோடு இறங்க வேண்டுமே! இந்தத் தயக்கம் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் புரிந்திருக்கிறது. பக்கத்துக் குர்லா நேரு நகர், சுன்னாபட்டி குடியிருப்போர் ஒலிபெருக்கிகளுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், புகார் கொடுத்தவர் யாரென்று காட்டிக்கொடுக்காமலே போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் எல்லை. தொல்லை தரும் உறுப்பினரை நீக்கவும் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தில் வழி உண்டு. அதற்குப் பொதுக்குழுவில் முக்கால் பங்கு ஆதரவு, பிறகு பதிவாளரின் ஒப்புதல்... நடக்கிற காரியமா? பார்ட்டி வீடு வாடகை வீடு என்றால், பிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ நிம்மதியாகத் தூங்குகிறாரே உரிமையாளர், முதலில் அவருக்கு எழுதுங்கள், எல்லாருடைய கையெழுத்தோடும். அப்படியும் அடங்கவில்லையா, பத்து மணி தாண்டியதும் 112ஐ அழையுங்கள்.