கரையை வழிச்சுப் போட்டுட்டு மீன் எங்கேன்னு கேக்காதீங்க

தூண்டிலைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், பட்டணத்திலிருந்து கேள்விகள் வந்து குவிகின்றன. எந்த ராட் வாங்கலாம், கார்பனா மூங்கிலா, ரீல் எத்தனை ஆயிரத்தில் எடுக்கலாம், நரம்பு எத்தனை கிலோ தாங்கணும். கடைசியாகப் போகிற போக்கில் ஒன்று: “அப்புறம் அண்ணே, உங்க பக்கம் நல்ல ஸ்பாட் எங்க இருக்கு?”

முதல் நான்கு கேள்விக்கும் ஒரே பதில்தான். எதுவானாலும் சரி. ஐந்தாவது கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் கோபத்தோடவே. ஏன்னா, அந்த ‘ஸ்பாட்’டை இல்லாமல் பண்ணுகிற வேலையும் பட்டணத்து நல்ல மனசுக்காரர்களின் காசில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

கருவி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். என்னிடம் இருப்பது நுனி வளைகிற பத்தடி மூங்கில் கம்பு. கம்பு நீளத்துக்கு நரம்பு. உதிர்ந்த மயிலிறகின் தண்டில் ஒரு விரல் நீளம் நறுக்கிய தக்கை. பல்லால் கடித்து நரம்பில் ஒட்டவைக்கிற மாதிரி ஈயத்தகடு. (பல்லால் கடிக்காதீங்க, ஈயம் உடம்புக்கு ஆகாது. என் அப்பா கடிப்பார்.) கெண்டைக்குச் சின்ன முள், விராலுக்குப் பெரிய முள். இரைக்கு எருக்குழி ஓரத்து மண்புழு, இல்லாவிட்டால் மாவு உருண்டை. மாவு கரையாமல் நிற்பதற்கு அதில் கொஞ்சம் பஞ்சு சேர்த்துப் பிசைவோம். மீனைக் கூட்டுவதற்குத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் நனைத்து இரண்டு கை உருண்டை, அவ்வளவுதான். கூடை கூடையாகக் கொட்டினால் மீன் அதைத் தின்றுவிட்டு உங்கள் முள்ளைத் திரும்பிப் பார்க்காது.

முள்ளில் ஒரு ஈயத்தை மாட்டி விட்டு ஆழம் பார்க்க வேண்டும். தக்கை முழுகினால் மேலே தள்ளு, படுத்துக் கிடந்தால் கீழே இறக்கு. கெளுத்திக்கு இரை தரையைத் தொடணும். கெண்டைக்குத் தரைக்கு ஒரு சாண் மேலே. இந்த ஒரு சாணைப் பார்க்கத் தெரியாதவருக்கு இருபதாயிரம் ரூபாய் ராட் வெறும் குச்சி. போதும், இதற்கு மேல் கருவியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

இனி இடம்.

கண்மாய்க்கு ஒரு முன்பக்கம், ஒரு பின்பக்கம். எங்கள் சிவகங்கைப் பக்கம் நிலம் பெரும்பாலும் கிழக்கு பார்த்துச் சரிகிறது. அதனால் கிழக்கே மண்கரை, மடை, கலுங்கு எல்லாம். மேற்கே உள்வாய், வரத்துக்கால் வந்து விழுகிற இடம். பட்டணத்துத் தம்பி காரை விட்டு இறங்கியதும் நேரே கரைமேல் ஏறுவார். மடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கை வலிக்க வலிக்க நடுத்தண்ணீருக்கு வீசுவார். ஆழத்தில்தான் பெரிய மீன் இருக்கும் என்ற நினைப்பு. உச்சி வெயிலில் மீன் ஆழத்துக்குப் போவது உண்மைதான். ஆனால் அதற்குத் தீனி ஆழத்தில் இல்லை. வெயில் தரையைத் தொடுகிற இடத்தில்தான் பாசி பிடிக்கும், கோரை முளைக்கும். கோரைத் தண்டில் நத்தை ஒட்டும், தட்டானின் குஞ்சுப் புழு ஊரும். முழங்கால் அளவு, இடுப்பளவு தண்ணீர்தான் கண்மாயின் அடுப்படி. மீன் அங்கேதான் காலையிலும் மாலையிலும் சாப்பிட வரும்.

காற்றையும் பார்க்கணும். மார்கழி, தையில் வாடை அடிக்கும்போது மேல்தண்ணீர் தென்மேற்கு நோக்கி நகரும். நுரை, உதிர்ந்த பூ, செத்த பூச்சி எல்லாம் அந்த மூலையில் போய் ஒதுங்கும். பின்னாலேயே கெண்டை போகும். கெண்டைக்குப் பின்னால் விரால் போகும். வாடை முகத்தில் அறைகிற பக்கம் உட்காருவது சுகமில்லை, அதனால் எல்லோரும் காற்றுக்கு முதுகு காட்டி எதிர்ப்பக்கம் உட்காருகிறார்கள், சும்மா திரும்பிப் போகிறார்கள்.

மீன்கொத்தி ஒரே கிளையில் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தால் அதன் கீழே பொடிமீன் நிற்கிறது. ஒரே இடத்தில் பெரிய குமிழியாக வந்துகொண்டே இருந்தால் அது சேற்று வாயு, ஏமாறாதீங்க. சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக நகர்ந்தால் கெண்டை மூக்கால் சேற்றைக் கிளறிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். காற்றே இல்லாமல் கோரை மட்டும் அசைந்தால், பேச்சை நிறுத்திவிட்டுக் கம்பை எடுங்க. விடியுமுன் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மட்டும் தொந்தரவு பண்ணாதீங்க. பாசி மிகுந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க மூச்சுக்காற்று குறைந்து, விடியும் நேரம்தான் ரொம்ப மோசம். அப்போது அது இரையை எடுக்காது.

இதெல்லாம் சேர்ந்த ஒரு இடம் எங்கள் கண்மாயில் இருந்தது. தென்மேற்கு மூலை. பழைய நாட்டுக் கருவேலம் ஒன்று ஏதோ ஒரு மழையில் சாய்ந்து பாதி தண்ணீருக்குள் கிடந்தது. சுற்றிலும் கோரையும் சம்பும். சாய்ந்த மரத்தின் நிழலில் இடுப்பளவுத் தண்ணீர். நாற்பது வருஷமாக அங்கே வெறுங்கையோடு திரும்பியவன் குறைவு. என் பெரியப்பா கெளுத்தி முள் குத்தி ராத்திரி முழுக்கக் கத்தினதும் அங்கே பிடித்த மீனால்தான்.

மூன்று கோடைக்கு முன்னால் பட்டணத்திலிருந்து ஒரு குழு வந்தது. பேர் வேண்டாம், நல்ல பிள்ளைகள். நன்கொடை திரட்டி, பொக்லைன் வைத்து ‘ஏரி மீட்பு’. மூன்றே நாள். சாய்ந்த மரத்தை அறுத்து ஏற்றினார்கள், கோரையை வேரோடு வழித்தார்கள், உள்வாயின் சரிவைச் செங்குத்தாக வெட்டி, அந்த மண்ணைக் கரைமேல் போட்டுச் சமன் செய்தார்கள். முன்னால் எடுத்த படம், பின்னால் எடுத்த படம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஆயிரக்கணக்கில் கை தட்டல். பின்னால் எடுத்த படத்தைப் பார்த்தால் எனக்குக் கழுவிக் கவிழ்த்த அண்டா ஞாபகம் வந்தது.

அடுத்த தையில் அதே குழுவில் ஒரு தம்பி புது ராடோடு வந்து நின்றார். “அண்ணே, ஸ்பாட் காட்டுங்க.”

“போன கோடையில லாரியில ஏத்தி அனுப்புனீங்களே தம்பி, அதுதான் ஸ்பாட்டு.”

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். விளையாட்டில்லை. சாயங்காலம்வரை உட்கார்ந்து நாலு ஜிலேபி பிடித்தார். அந்தக் கண்மாயில் அதற்கப்புறம் யார் போனாலும் ஜிலேபிதான்.

ஏன் ஜிலேபி மட்டும்? 1952இல் நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட மீன் அது. முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். அதற்குக் கோரை வேண்டாம், நிழல் வேண்டாம், சேற்றில் ஒரு குழி பறிக்க இடம் கிடைத்தால் போதும். விராலுக்கு அப்படியில்லை. ஆழமில்லாத தண்ணீரில் செடியை விலக்கி வட்டமாக ஒரு இடம் செய்து முட்டை விடும். கெண்டைக்கு முட்டையை ஒட்டவைக்கச் செடி வேணும். குரவைக்கும் பனையேறிக்கும் ஓரத்துச் சேறும் செடியும்தான் வீடு. செங்குத்தாக வெட்டிய கரையில் முதல் அடியிலேயே ஆளை முழுக்குகிற ஆழம். வெயில் தரையைத் தொடாது, செடி முளைக்காது, ஒண்ட இடமிருக்காது. நீங்கள் சுத்தம் செய்தது குப்பையை அல்ல, பிரசவ அறையை.

கொக்கும் நாரையும் நிற்கக்கூட அங்கே இடமில்லை. மாடு தண்ணீர் குடிக்க இறங்கினால் ஏற முடியாமல் தவிக்கிறது. அயிரை குழம்பு வேண்டுமென்று வீட்டில் கேட்டால் மதுரை மார்க்கெட்டில் சொல்கிற விலையைக் கேட்டுவிட்டுப் பருப்பு ரசம் வைத்துச் சாப்பிடுகிறோம்.

“அப்போ தூர் வாரவே வேண்டாமா?” என்று பாய்வீர்கள். வாரணும். கண்மாய் வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்கு அடித்தது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு என்கிறார்கள். பாதிக்குமேல் மேடாகிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். 2017இல் குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது சந்தோஷப்பட்டவன் நான். ஆகாயத்தாமரையை வாருங்கள், நெய்வேலிக் காட்டாமணக்கைப் பிடுங்குங்கள், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள், வரத்துக்காலில் கட்டியிருக்கிற வீட்டை இடியுங்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் எந்தக் குழுவும் செய்ய வராது. அதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை, அடிதான் விழும்.

மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, குழியில்தான் கிடக்கும். “இத்தனை லட்சம் லிட்டர் கூடுதல் கொள்ளளவு” என்று எழுதுகிறீர்களே, அதில் எத்தனை லிட்டர் மடை வழியாக வெளியே வரும் என்று பொக்லைன் ஓட்டுகிறவரிடம் கேட்டீர்களா? தண்ணீரைத் தாங்குகிற களிமண் அடுக்கை உடைத்துவிட்டால் இருக்கிற தண்ணீரும் கீழே இறங்கிவிடும். எங்கள் ஊர் ஆட்கள் அள்ளியபோது மண்வெட்டிக்கு அந்தக் களி தட்டுப்பட்டதும் நிறுத்துவார்கள். இயந்திரத்துக்குக் களியும் ஒன்றுதான், வண்டலும் ஒன்றுதான்.

நகரத்தில் இதைவிட அழகாக நடக்கிறது. கோவையில் உக்கடம் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை, விளக்கு என்று அலங்காரம் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். மனுஷன் நடக்க நல்ல இடம், நானும் நடந்திருக்கிறேன். ஆனால் தண்ணீரும் நிலமும் ஒன்றோடொன்று கலக்கிற அந்தச் சகதி ஓரத்தைக் கல்லும் சிமென்டும் பிடித்துக்கொண்டால் அது குளத்தின் படம் போட்ட தொட்டிதான். அதையே அளவாக வைத்துக்கொண்டு கிராமத்துக் கண்மாயையும் ‘அழகுபடுத்த’ வருகிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் இருக்கும்போதே. ரப்பர்த் தவளையை வைத்து விரால் பிடிக்கிற வீடியோக்கள் இப்போது ரொம்பப் பிரபலம். அதில் ஒரு ‘டெக்னிக்’ சொல்லித் தருகிறார்கள்: மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் செக்கச்செவேலென்று குஞ்சுகள் பந்து மாதிரி கூட்டமாகத் திரியும், அதன் நடுவில் தவளையை வீசு, உடனே அடிக்கும். அடிக்கத்தான் செய்யும். அது பசியில் அடிக்கவில்லை, பிள்ளையைக் காக்க அடிக்கிறது. “பிடிச்சு, படம் எடுத்து, திருப்பி விட்டுட்டோம், சாகடிக்கலையே” என்கிறார்கள். நீங்கள் அதைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே குஞ்சுக்கூட்டத்தை மற்ற மீன் மேய்ந்துவிடும். எங்கள் ஊரில் குஞ்சோடு திரியும் விராலைப் பிடித்தவனை வீட்டுப் பெண்களே திட்டுவார்கள். குழம்பு வைக்க மீன் பிடிக்கிறவனை நான் குறை சொல்லமாட்டேன், அவனுக்கு எப்போது நிறுத்தணும் என்று தெரியும்.

நன்கொடை கேட்டு யாராவது வந்தால் காசு கொடுக்கும் முன்னால் கேளுங்கள். உள்வாய்ப் பக்கம் சரிவைச் சரிவாகவே விடுவீர்களா? கரை ஓரத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் வைப்பீர்களா? தண்ணீருக்குள் கிடக்கும் நாட்டு மரத்தை என்ன செய்வீர்கள்? மடை மட்டம் அளந்தாயிற்றா? கண்மாயில் மீன் பிடிக்கிற, மாடு மேய்க்கிற நாலு பேரிடம் பேசினீர்களா? பதில் வரவில்லை என்றால் அந்தக் காசுக்கு ஒரு நல்ல ராட் வாங்கிக்கொள்ளுங்கள், கண்மாய்க்கு அதுவே பெரிய உதவி.

வருவதாக இருந்தால் தையில் வாங்க. மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்க, ஒற்றைத் தூண்டிலுக்கு யாரும் இங்கே மறுப்புச் சொல்வதில்லை. எங்கள் கண்மாயில் இப்போது மிச்சம் இருப்பது வடமேற்கே வரத்துக்கால் விழுகிற வாய் மட்டும்தான். அங்கே இன்னும் கோரை நிற்கிறது, ரெண்டு கருவேலம் நிற்கிறது, போன மழையில் ஏத்துமீன் அந்த வழியாகத்தான் ஏறியது. இந்தக் கோடையில் மறுபடி இயந்திரம் வருகிறது என்று பேச்சு அடிபடுகிறது. அந்த வாயை விட்டுவிட்டு மற்ற இடத்தில் அள்ளுங்கள் என்று மே 1 கிராமசபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். மாடு மேய்க்கிறவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டாச்சு, குத்தகைக்காரர் இன்னும் யோசிக்கிறார்.