பொனற்றைத் திறக்கு முன்

சகோதரிகளே, ஓடிவந்த சூட்டோடு கார் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவி கையைச் சுட்டுவிடும். சூடான உலோகம் வெடிக்கவும் கூடும். நன்றாக ஆறவிடுங்கள். முதலில் பற்றரியின் மறைமுனை வயரைக் கழற்றுங்கள் (மீண்டும் பூட்டும்போது அதுவே கடைசி). காற்றுக்குழாய், அல்டனேற்றர், பியூஸ் பெட்டி ஆகியவற்றைப் பொலித்தீனால் மூடிக் கட்டுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்கைப் பெற்றோல் தொட்டுத் துடைப்போர் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், ஒரு தீப்பொறி போதும்! சவர்க்காரத்தூள் கரைத்த நீரும் பழைய பற்தூரிகையும் எடுங்கள். மினக்கேடுதான், ஆனால் ஆபத்தில்லை. பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். குழாயால் பீய்ச்ச வேண்டாம்.

கிணற்றடியில் இந்த வேலை கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலம் எண்ணெய் நீரை விரைவாகக் கீழே இறக்கிவிடும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானே பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

எல்லாம் காய்ந்தபின் பொலித்தீனை அகற்றிவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள்.