"கம்பெனி படுத்துடுச்சு!" - பாக்கிச் சம்பளத்தை யாரிடம் கேட்பது?

கும்மிடிப்பூண்டியில் என் மாமா குடியிருக்கும் லைன் வீட்டில் மொத்தம் ஆறு அறைகள். நான்கில் பீகார், ஒடிசா பையன்கள். எல்லோருக்கும் சிப்காட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனால் வாசல் முழுக்க இந்திதான். மாமாவும் அவர்களோடு சரளமாகப் பேசுவார். இந்தியை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. சவுதியில் ஒரே அறையில் பன்னிரண்டு பேராகத் தங்கியிருந்த கேம்ப்பில் கற்றுக்கொண்டது.

போன முறை போனபோது வாசல் அமைதியாக இருந்தது. பீகார் தம்பி ஒருவர் மட்டும் படியில் உட்கார்ந்து கையிலிருந்த வவுச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். வயது இருபத்து நான்கு இருக்கும். அவர் வேலை பார்த்த சிறிய ஆலையில் இரண்டு மாதமாக உலை எரியவில்லை. இரண்டரை மாதச் சம்பளம் பாக்கி. அழைத்து வந்த கான்ட்ராக்டர், "கம்பெனி படுத்துடுச்சு. அஞ்சாயிரம் தர்றேன், கையெழுத்துப் போட்டுட்டு ஊருக்குப் போ" என்று சொல்லியிருக்கிறார். வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. தொகை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

மாமா அதை வாங்கிப் பார்த்தார். "வெத்துத்தாள்ல கையெழுத்துப் போடாத தம்பி. நான் போட்டுட்டு பத்து வருஷமா அனுபவிக்கிறேன்" என்றார்.

அந்தக் கதை எனக்கே அன்றுதான் முழுசாகத் தெரிந்தது.

மாமா வெல்டர். 2016-ல் அவர் வேலை பார்த்த கம்பெனி சம்பளத்தை நிறுத்தியது. ஏழு மாதம். இக்காமா எனப்படும் குடியிருப்பு அட்டையை முதலாளிதான் புதுப்பிக்க வேண்டும். அவர் புதுப்பிக்காததால் கேம்ப்பை விட்டு வெளியே போகவே பயம். கடைசியில், "டிக்கெட் ரெடி, இதில் கையெழுத்துப் போடு" என்று அரபியில் ஒரு தாளை நீட்டினார்கள். வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்த மாமா போட்டுவிட்டார். ஊருக்கு வந்து, அரபி தெரிந்த ஒருவரிடம் நகலைக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. 'எனக்குச் சேரவேண்டியது எல்லாம் வந்துவிட்டது' என்பதுதான் அதில் இருந்தது.

பதிந்துவிட்டு வந்தவர்கள்

அதே வருடம் சவுதியில் மிகப் பெரிய கட்டுமான நிறுவனங்களில் ஒன்றான சவுதி ஓகர் தள்ளாடிக்கொண்டிருந்தது. அங்கே பல நிறுவனங்களில் வேலையும் சம்பளமும் நின்றுபோய், 10,000-க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் சாப்பாட்டுக்கே தவிப்பதாக அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் 2016 ஜூலை கடைசியில் தெரிவித்தார். ஜித்தாவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகமும் அங்கு வாழும் இந்தியர்களும் கேம்ப்புகளுக்கு உணவுப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இணை அமைச்சர் வி.கே.சிங் நேரில் போனார்.

அப்போது தொழிலாளர்களிடம் அரசு சொன்னது இதுதான்: 'உங்கள் பாக்கிக் கோரிக்கையைப் பதிவு செய்துவிட்டு ஊர் திரும்புங்கள். மூடிய கம்பெனியிடமிருந்து பணம் வர நாளாகும்.' நாளாகத்தான் செய்தது. சவுதி ஓகர் 2017 ஜூலை 31-ம் தேதி மூடப்பட்டது. அந்த நிறுவனம் உள்ளிட்ட சில கம்பெனிகளில் வேலையிழந்த சுமார் 10,000 பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களின் பாக்கியைத் தருவதாக 2022 நவம்பரில்தான் சவுதி அரசு ஒப்புக்கொண்டது. காசோலைகள் கைக்கு வரத் தொடங்கியது 2024-ல். ஏறக்குறைய எட்டு வருடம்!

எட்டு வருடம் கழித்தாவது வந்ததற்கு, பாக்கி என்று எங்கோ ஒரு பதிவு இருந்ததும், அதை வைத்து அவர்களுடைய அரசு விடாமல் கேட்டதும்தான் காரணம். மாமா விஷயத்தில் இருந்த ஒரே பதிவு, பாக்கி இல்லை என்று அவரே போட்ட கையெழுத்து.

இப்போது வளைகுடாவில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2018 அக்டோபரிலிருந்து, முதலாளி கைவிரித்தால் ஒரு தொழிலாளிக்கு 20,000 திர்ஹம் வரை தரும் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. கத்தாரில் இதற்கென 2018-ல் சட்டம் போட்டு ஒரு நிதியம் அமைத்தார்கள். சவுதியில் 2024 அக்டோபரில் தொடங்கிய காப்பீடு 17,500 ரியால் வரை தருகிறது. ஊர் திரும்ப டிக்கெட்டுக்கும் அதில் இடம் உண்டு. எதுவுமே தானாக வீடு தேடி வராது. உரிய இடத்தில் புகார் கொடுத்து, பாக்கி உண்டு என்று நிரூபித்தால்தான் கிடைக்கும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். வெளிநாடு போகும்போது நம் ஊரில் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா, விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தரும் காப்பீடு. சம்பள பாக்கி அதில் வராது.

சிப்காட் கம்பெனி திவாலானால்?

வளைகுடாவில் மாமா எப்படியோ, கும்மிடிப்பூண்டியில் அந்தப் பீகார் தம்பி அப்படி. விசா மட்டும்தான் கிடையாது. மொழி தெரியாத ஊர், அழைத்து வந்தவரை நம்பிய பிழைப்பு, வேலை போனால் அறையும் போகும் என்ற பயம் எல்லாம் ஒன்றுதான்.

இந்தியாவில் ஒரு கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் போனால், 2016-ம் ஆண்டு திவால் சட்டப்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்கு வழக்கு போகும். தீர்ப்பாயம் ஒரு தீர்வு நிபுணரை நியமிக்கும். அவர், 'கம்பெனியிடமிருந்து பணம் வரவேண்டியவர்கள் 14 நாளுக்குள் சொல்லுங்கள்' என்று ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு மாநில மொழி நாளிதழிலும் விளம்பரம் கொடுப்பார். தமிழ்நாட்டுக் கம்பெனி என்றால் தமிழில் வரும். இந்தி மட்டுமே படிக்கத் தெரிந்த தம்பி அதை எங்கே பார்ப்பார்? தமிழ் தெரிந்த நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறோம்?

தொழிலாளர்கள் கொடுக்க வேண்டியது 'படிவம் டி'. தபாலிலோ இமெயிலிலோ அனுப்பலாம். பலர் சேர்ந்து ஒரு பிரதிநிதி மூலம் கொடுக்க 'படிவம் இ' இருக்கிறது. 14 நாள் தாண்டினாலும், திவால் நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து 90 நாள் வரை கொடுக்கலாம்.

கம்பெனியை விற்றுப் பணம் பிரிக்கும் நிலை வந்தால், நடைமுறைச் செலவு போக, தொழிலாளர்களின் 24 மாதம் வரையிலான பாக்கிக்கு, அடமானம் பெற்றுக் கடன் கொடுத்த வங்கிகளுக்குச் சமமான வரிசையில் இடம் உண்டு. பி.எஃப். பணம் அந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது, அது தொழிலாளியின் பணம். ஜெட் ஏர்வேஸ் வழக்கில் பி.எஃப்., கிராஜுவிட்டியை முழுதாகத் தர வேண்டும் என்ற உத்தரவை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு? கம்பெனி விழுந்தாலும் சம்பளம் தர வேண்டிய பொறுப்பு கான்ட்ராக்டருக்கு இருக்கிறது. கான்ட்ராக்டர் தரவில்லை என்றால் கம்பெனி தர வேண்டும். 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இதுதான் நிலை. எனவே, "கம்பெனி படுத்துடுச்சு, நான் என்ன செய்ய?" என்று கான்ட்ராக்டர் நழுவ முடியாது.

கையில் என்ன இருக்க வேண்டும்?

மாமா அந்தத் தம்பியின் போனை வாங்கி, இருந்ததையெல்லாம் வரிசையாகப் படம் எடுக்க வைத்தார். நீங்களும், வெளியூரிலிருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இன்றே எடுத்து வைக்கலாம்:

* அடையாள அட்டை, கேட் பாஸ், வேலை ஒப்பந்தம். வளைகுடா என்றால் விசாவும் இக்காமாவும்.

* சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம். கையில் வாங்கியிருந்தால் தேதியும் தொகையும் எழுதிய குறிப்பு.

* வேலை பார்த்த நாள், ஓ.டி. கணக்கு. கான்ட்ராக்டரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

* பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண். பதிவு செய்த போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு தெரியும்.

* புரியாத மொழியிலோ தொகை எழுதாமலோ இருக்கும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பகுதிதான் வாங்குகிறீர்கள் என்றால், 'மீதி பாக்கி' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கிளம்பும் முன் அங்குள்ள தொழிலாளர் துறையில் புகாரைப் பதிந்து, எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு இந்தியத் தூதரகத்துக்கும் 'மதத்' இணையதளத்துக்கும் தெரிவிக்கலாம். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அயலகத் தமிழர் நலத்துறையின் 1800 309 3793 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

அந்தத் தம்பி வவுச்சரில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த நாள் மாமா அவரையும் கூட வேலை பார்த்த மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு திருவள்ளூரில் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். பணம் இன்னும் வரவில்லை. நேற்று போன் செய்து கேட்டேன். தம்பி பக்கத்து ஆலையில் லோடு ஏற்றப் போகிறாராம்.

"மனு வாங்குன ரசீதை பத்திரமா வச்சிருக்கானா மாமா?" என்றேன்.

"அவன் போன்ல இருக்கு, என் போன்லயும் இருக்கு. அவங்க அப்பாவுக்கும் அனுப்பச் சொல்லிட்டேன் பாப்பா" என்றார் மாமா.