விற்ற பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்!

"ஃப்ரீ சர்வீஸ் செய்து தருகிறோமே, இதற்கு மேல் என்ன சார் வேண்டும்?" என்று கேட்கும் கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு சர்வீஸ் வேண்டாம். வாங்கிய வாரத்திலிருந்து ஒழுங்காக ஓடாத இயந்திரத்தை எடுத்துக்கொண்டு என் பணத்தைத் திருப்பித் தாருங்கள். இதைச் சொன்னால் அவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டதுபோல முழிக்கிறார்கள்.

விஷயம் ஒரு மரக்கிளை வெட்டும் சிப்பர். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, கழித்துப் போட்ட கிளைகள் எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும். அதிலும் இந்த வாட்டில். சீகை என்றும் சொல்கிறோம். தோல் பதனிடப் பட்டை கிடைக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து வளர்த்தார்கள், இப்போது புல்வெளியையெல்லாம் அதுவே தின்றுவிட்டது. வெட்ட வெட்ட முளைக்கிறது. முன்பு குவித்து எரித்துவிடுவோம். பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத் தீ பற்றும் காலத்தில் அப்படிச் செய்வது பாவம். அதனால்தான் மனைவி வழியில் வந்த முக்கால் ஏக்கருக்காக, என் பென்ஷன் சேமிப்பில் 86,000 ரூபாய் கொடுத்து சிப்பர் வாங்கினேன். தூளாக்கிச் செடியின் அடியில் போட்டால் ஈரமும் நிற்கும்.

சமவெளியில் உள்ள ஒரு நகரத்துக் கடை. பெயர் வேண்டாம். வாங்கும்போதே சொன்னேன்: இடம் கொடைக்கானல், சுமார் 7,000 அடி உயரம், வெட்டப் போவது பச்சை வாட்டில் கிளை, இரண்டு மூன்று அங்குலப் பருமன். "இதுக்குன்னே வந்த மெஷின் சார்" என்று அவர்தான் மாடலைக் காட்டினார்.

மூன்றாம் நாள் கிளை உள்ளே போனதும் இன்ஜின் திணறி நின்றது. கரும்புகை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. புது பிளக் போட்டுத் தந்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி அதே கரி. அடுத்து பெல்ட் வழுக்கிக் கருகியது. அதன்பின் பிளேடு போல்ட் தளர்ந்து, சுழலும் கத்தி எதிர்க்கத்தியில் உரசித் தீப்பொறி பறந்தது. கிளை சிக்கும்போதெல்லாம் வேலைக்கு வரும் பையன் உள்ளே கையை விடப் பார்ப்பான். நான் பிளக் வயரைப் பிடுங்கிய பிறகுதான் தொட விடுவேன். கை போனால் அதற்கு வாரண்டி கார்டில் இடம் இருக்கிறதா?

நான்கு மாதத்தில் ஐந்து முறை வண்டியில் ஏற்றிக் கீழே இறக்கினோம். வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஒருமுறை போய்வர வண்டி வாடகை என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். வாரண்டியில் "இலவசம்" என்பது அவர்கள் கடை வாசலில் தொடங்கி அங்கேயே முடிகிறது. மலைமேல் இருப்பவனுக்கு ஒவ்வொரு இலவசமும் ஆயிரக்கணக்கில் விழுகிறது.

கடைசியில் கடைக்காரர் போனில், "பெரியவரே, மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு ஓட்டத் தெரியலை" என்றார்.

தெரியாதது எனக்கா? நாயுடுபுரத்தில் இருசக்கர வாகனம் பார்க்கும் மெக்கானிக் தம்பி ஒருவர் கார்ப்பரேட்டரைத் திறந்து பார்த்து ஐந்தே நிமிடத்தில் சொன்னார்: "ஐயா, இது கீழ ஊருக்கு வச்ச செட்டிங்." மலையில் காற்று அடர்த்தி குறைவு. அதே ஜெட் அதே அளவு பெட்ரோலை விட்டால் பெட்ரோல் மிகுந்து கரி பிடிக்கும். இது இயந்திரத்தோடு வந்த கையேட்டிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. உயரமான இடத்தில் சிறிய ஜெட் போட வேண்டுமாம். போட்டாலும் ஆயிரம் அடிக்குச் சுமார் மூன்றரை சதவீதம் வீதம் இன்ஜின் சக்தி குறையும். கணக்குப் போடுங்கள். 7 குதிரைத்திறன் என்று ஸ்டிக்கர் ஒட்டியது நம் ஊரில் 5க்குக் கொஞ்சம் மேல். அதாவது எத்தனை பிளக் மாற்றினாலும், எத்தனை பெல்ட் போட்டாலும் இது அந்த வேலைக்கான இயந்திரமே இல்லை. ஐந்து முறை ரிப்பேர் செய்தவர்கள் ஒருமுறைகூடக் கையேட்டைப் புரட்டவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிறகு முழு உத்தியோகமும் இந்திய அரசாங்கக் கோப்புகளோடுதான். ஆகவே இரண்டு சட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. நெப்போலியன் காலத்து 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 1641ஆம் பிரிவு முதல் 'வீஸ் கஷே' பற்றி வருகிறது. பொருளில் மறைந்திருந்து அதைப் பயன்படாமல் செய்யும் குறைக்கு விற்றவரே பொறுப்பு. திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்குவதா, வைத்துக்கொண்டு ஒரு பகுதி வாங்குவதா என்ற தேர்வு 1644ஆம் பிரிவின்படி வாங்கியவர் கையில். கடைக்காரர் கையில் அல்ல.

நம் சட்டமும் ஒன்றும் இளைத்ததில்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 16ஆம் பிரிவைப் படியுங்கள். என்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது எழுதாமலே உள்ள நிபந்தனை. (நாமே ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி "அதைக் கொடு" என்று கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு நழுவிவிடும். வேலையைச் சொல்லிக் கேளுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுதியே கேளுங்கள்.) 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தெளிவு. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடிக்கிறார்களே, அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

வக்கீல் நண்பர் ஒருவர் குறுக்கே ஒரு தீர்ப்பை நீட்டினார். மாருதி நிறுவனத்தின் மேல்முறையீட்டில் 2006இல் உச்ச நீதிமன்றம், கிளட்ச் பழுதுக்காகக் காரையே மாற்றித்தர வேண்டியதில்லை, வாரண்டி சொல்வது பாகத்தை மாற்றுவதை மட்டுமே என்றது. சரி. அங்கே கெட்டது ஒரு கிளட்ச். இங்கே மாற்றி எடுக்க எந்தப் பாகம் இருக்கிறது? பாகங்கள் எல்லாம் நல்லவையாகவே இருந்தாலும் இந்த உயரத்தில் இந்த இயந்திரம் இந்த மரத்தை வெட்டாது. அந்தத் தீர்ப்பைக் காட்டி என்னை ஆறாவது முறை கீழே வரச் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் கோபம் வருவது ஜாப் கார்டில்தான். ஒவ்வொரு முறையும் "திருப்தியாகச் சரிசெய்யப்பட்டது" என்று அவர்களே எழுதி, கையெழுத்து கேட்கிறார்கள். இயந்திரத்தைக் கண்ணால் பார்க்கும் முன்பே கையெழுத்து! நம் வயதுக்காரர்கள் சங்கடப்பட்டுப் போட்டுவிடுகிறோம். நான் ஒவ்வொன்றிலும், "இயக்கிப் பார்க்கவில்லை. அதே குறை முன்பு இன்ன தேதியில்" என்று எழுதித்தான் கையெழுத்திட்டேன். முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். வருஷக் கணக்கில் மேலதிகாரிகள் சுளித்ததைப் பார்த்தவன்.

இன்னொரு தந்திரம் நாள் கடத்துவது. "பார்ட்ஸ் வரணும், அடுத்த வாரம்" என்று தள்ளித் தள்ளி வாரண்டி வருஷத்தைக் கரைப்பார்கள். வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும். புகார் கொடுக்கக் கடை இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம், நமக்குத் திண்டுக்கல். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இணையத்திலும் பதியலாம், 1915 எண்ணில் முதலில் கேட்டும் பார்க்கலாம். வியாபாரத்துக்கு வாங்கியது என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டும் தாண்டிக்குடிக் காப்பிக்காரரும் பண்ணைக்காட்டுக்காரரும் நுகர்வோர்தான், பயப்பட வேண்டாம். சட்டம் மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது. நடைமுறையில் இழுக்கும் என்று எனக்கும் தெரியும். கோப்பு நகரும் வேகம் எனக்கா தெரியாது!

கடைக்கும் தயாரிப்பாளருக்கும் தனித்தனி நோட்டீஸ் அனுப்பியாயிற்று. ஐந்து ஜாப் கார்டு, வண்டி வாடகை ரசீதுகள், கையேட்டின் அந்தப் பொடி எழுத்துப் பக்கம், எல்லாவற்றுக்கும் நகல் இணைத்தேன். பதிவுத் தபாலை விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்கள், ஆனாலும் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வந்து சேர்ந்தது. கெடு 30 நாள். இதை எழுதும்போது 19 நாள் ஆகிறது. நேற்று கடையிலிருந்து போன்: "சார், ஒருமுறை கொண்டுவாங்க, ஸ்பெஷலா ஒரு சர்வீஸ் பண்ணிடலாம்." எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.