பிறர் மறை காத்தல்

மக்களாய்ப் பிறந்தோர் ஒவ்வொருவர்க்கும் பிறர் அறியாத செய்திகள் சில உண்டு. அவற்றுட் பல குற்றமுடையன அல்ல. வெளிப்படின் நாணத்தைத் தருவன, அவ்வளவே. முற்காலத்தில் அவை நெஞ்சகத்தே தங்கின; மிஞ்சினால் ஓர் உற்ற தோழரின் செவியைச் சேர்ந்தன. இக்காலத்திலோ நாம் முகமறியாத வாணிகக் குழுக்களிடம் அவற்றை ஒப்படைக்கின்றோம். இணையவழியாகத் துணை தேடித் தரும் டேட்டிங் செயலிகள் அத்தகையன. பெயர், அகவை, ஊர், புகைப்படம், விருப்பு வெறுப்பு, தனிமையில் எழுதிய மடல்கள் ஆகிய யாவும் அவற்றின் கணினிகளிற் குவிகின்றன. அக்குவியல் களவு போயின் விளையும் தீங்கு யாது, அதில் அகப்பட்டோர்க்கு நாம் செய்யக்கடவது யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்வகைக் களவுகளுட் பெரிதும் பேசப்பட்டது 2015-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. கனடா நாட்டு டொராண்டோ நகரில் தலைமையிடங் கொண்ட ஆஷ்லி மேடிசன் என்னும் நிலையம், மணமானோர்க்குப் பிறர் தொடர்பை ஏற்படுத்தித் தருவதாக வெளிப்படையாகவே விளம்பரஞ் செய்து வந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அதன் கணினிகளுட் புகுந்த ஒரு கூட்டத்தார், நிலையத்தை மூடாவிடின் யாவற்றையும் வெளியிடுவோம் என அச்சுறுத்தினர். ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் கணக்குகளின் விவரங்களை உலகறிய வீசியெறிந்தனர். 19 டாலர் பெற்றுக்கொண்டு ஒருவருடைய விவரங்களை அடியோடு அழிப்பதாக அந்நிலையம் வாக்களித்திருந்தது. அங்ஙனம் பணம் கொடுத்தோரின் விவரங்களும் முற்றும் அழிக்கப்படாமை பின்னர்த் தெரியவந்தது. அதன் முகப்பில் விளங்கிய பாதுகாப்பு முத்திரையும் நிலையத்தாரே புனைந்துகொண்ட போலி என்பதைக் கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் தனியுரிமை ஆணையர்கள் 2016-இல் வெளியிட்ட கூட்டறிக்கை காட்டிற்று.

‘தகாத இடத்திற்குச் சென்றோர் தக்க பயனை அடைந்தனர், அவர்பொருட்டு நாம் இரங்குவது எற்றுக்கு?’ என்று வினவுவோர் நம்முள் பலர். இவ்வினா நேர்மையுடையது போலத் தோன்றினும் ஆராய்ச்சிக்கு நில்லாது. அந்நிலையம் தன்னிடம் எழுதப்பட்ட மின்னஞ்சல் முகவரி மெய்யாகவே எழுதியவர்க்கு உரியதுதானா என்று சோதித்ததில்லை. யாவரும் யாவருடைய முகவரியையும் அங்கே பதிந்திருத்தல் கூடும். ஆதலின் பட்டியலில் ஒரு பெயர் காணப்படுவதொன்றே சான்றாகாது. மெய்யாகச் சென்றவராயினும், அவர் பிழை அவர்க்கும் அவர் இல்லத்தார்க்கும் இடைப்பட்ட வழக்கு. உலகத்தார் அனைவரும் அதற்கு நடுவராய் அமர அழைத்தவர் யார்? பட்டியல் வெளிவந்த சில நாட்களுக்குள், பணங் கொடாவிடின் மனைவிக்கு அறிவிப்போம் என்னும் மிரட்டல் மடல்கள் பலர்க்கு வந்தன என்பதையும் மறத்தலாகாது.

இனி, யாதொரு பிழையுஞ் செய்யாதவரும் இவ்வாறே அகப்படுகின்றனர். டேட்டிங் செயலிகளின் வழியாகப் பழகும் ஆடவரைப் பற்றிப் பெண்கள் ஒருவர்க்கொருவர் எச்சரித்துக்கொள்ளுதற்கென்றே அமெரிக்காவில் ‘டீ’ என்னும் செயலி எழுந்தது. 2025 ஜூலையில் அதிலிருந்து ஏறத்தாழ 72,000 படங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் 13,000 அளவின, தாம் பெண்களே என்று மெய்ப்பித்தற்பொருட்டு அப்பெண்கள் அளித்த முகப்படங்களும் அடையாள அட்டைகளுமாம். தற்காப்பை நாடியதே அவர்க்குத் தீங்காய் முடிந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவன்றோ?

டொராண்டோவும் அமெரிக்காவும் நமக்குத் தொலைவில் உள்ளன; ஆயினும் இத்தீங்கு நம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வந்தால் அதன் கொடுமை அங்கிருப்பதினும் மிகும் என்பது எம் துணிபு. பெருநகரில் ஒருவன் கூட்டத்துள் மறைந்துவிடலாம். இங்கோ ரயிலடியிலும் பேருந்து நிலையத்திலும் நம்மைக் காண்போர், நாம் இன்னார் மகன், இன்ன தெருவினர் என்று அறிவர். செஞ்சியிலிருந்தும் மயிலத்திலிருந்தும் மரக்காணத்திலிருந்தும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வரும் பெண்களுள், தம் குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெறப் போகின்றவர் பலர் உளர். அவர்களுள் ஒருத்தியின் படமோ மடலோ வெளிப்பட்டதாயின், கைப்பேசி பறிக்கப்படும். அடுத்துப் படிப்பு நிறுத்தப்படும். பின்னர் அவசரத் திருமணம். பட்டம் அத்துடன் முடிந்தது. ஆடவரை விரும்பும் ஆடவனின் நிலையும் எண்ணத்தக்கது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அஃது குற்றமன்று எனத் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தீர்ப்பு இன்னும் எல்லாத் தெருக்களையும் எட்டவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம்மவர் பழமொழி.

அப்பழமொழியிலேயே நாம் கூறவந்த கருத்து அடங்கியுள்ளது. களவாடியவன் ஒருவன், களவாடியதைக் கைமாற்றுவோர் ஆயிரவர். முன்னவன் பூட்டை உடைத்தான். வெளிப்பட்டவரின் வாழ்வை உடைப்பவர் பின்னவரே. கல்லூரி வகுப்பிலும் விடுதி அறையிலும் ‘பார்த்தாயா?’ என்று கேட்டு ஒரு படத்தை நீட்டும் கையில்தான் தீங்கு முற்றுப்பெறுகின்றது. ஆகவே அகப்பட்டோரைக் காத்தலின் முதற்படி, பாராதிருத்தலேயாம்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் என்பவர், ஒருவருடைய முகவரி எந்தெந்தக் களவில் அகப்பட்டுள்ளது என்று அறிவிக்கும் இணையதளம் ஒன்றை 2013 முதல் நடத்தி வருகின்றார். அங்கே யாரும் எந்த முகவரியையும் இட்டுத் தேடலாம். ஆனால் ஆஷ்லி மேடிசன் பட்டியல் வெளிவந்தபோது அவர் அவ்வழக்கத்தை மாற்றினார். அம்முகவரிக்கு உரியவர் தாமே என்று மெய்ப்பித்தவர்க்கன்றி வேறெவர்க்கும் விடை சொல்வதில்லை என்று வரையறுத்தார். மனைவி கேட்பினும், முதலாளி கேட்பினும் விடை இல்லை. உரியவர்க்கு எச்சரிக்கை, ஏனையோர்க்கு மௌனம் என்னும் இந்நெறியினும் சிறந்ததொரு நெறியை நாம் அறியோம்.

நீதிமன்றங்கள் இந்நெறியை எங்கும் ஒருங்கே கைக்கொண்டன என்று கூறுதற்கில்லை. ஆஷ்லி மேடிசன் மீது வழக்காடியோர் தம் பெயரை மறைத்து வழக்கை முன்னின்று நடத்த விரும்பியபோது, 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அதனை மறுத்துவிட்டது. மறைவை இழந்ததற்கு நீதி வேண்டின், எஞ்சிய மறைவையும் இழக்க வேண்டும் என்றாயிற்று. நம் சென்னை உயர் நீதிமன்றம் இதனினும் மேம்பட நடந்துள்ளது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவர் அளித்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, காவல்துறையின் இணையதளத்தின் வழியே அவர் விவரங்களுடன் கசிந்தது. அதற்காக அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்குமாறு நீதிமன்றம் அரசுக்கு ஆணையிட்டது. 2025 ஜூலையில் வேறொரு பெண்ணின் அந்தரங்கப் படங்கள் இணையத்திற் பரவிய வழக்கில், அவற்றை 48 மணி நேரத்துள் நீக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. காவல்துறை ஆவணங்களில் அவர் பெயர் இடம்பெற்றதையும் கண்டித்து, அதனை நீக்கச் செய்தது.

சட்டமும் ஓரளவு வளர்ந்துள்ளது. தனியுரிமை அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் விவரங்களைத் தக்கவாறு காவாத நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகின்றது. களவு நேர்ந்தால் உரியவர்க்கு அறிவித்தலையும் கடமையாக்குகின்றது. எனினும் ஒரு குறை உளது. அத்தண்டத்தொகை அரசின் தொகுநிதியைச் சேரும். அகப்பட்டவர்க்கு இழப்பீடு தர அச்சட்டத்தில் வழி இல்லை. காயமுற்றவன் ஒருவன், மருந்துக்காசு வேறொருவர்க்கு என்பது முறையாகாது. இக்குறையைச் சட்டமியற்றுவோர் நீக்குதல் வேண்டும்.

அரசு செய்வது செய்க. மாணவ நண்பர்களாகிய நாம் செய்யக்கூடுவன சில உள. இத்தகைய செயலிகளை நாடுவோர், அவற்றிற்கெனத் தனி மின்னஞ்சலும் தனிக் கடவுச்சொல்லும் வைத்துக்கொள்க. விடுதி, கல்லூரி, வீடு ஆகியவற்றை அடையாளங் காட்டும் படங்களை இடாதிருக்க. மிரட்டுவோர்க்கு ஒரு காசும் கொடாதிருக்க. ஒருமுறை கொடுத்தவரிடம் மறுமுறையும் கேட்பர். மிரட்டல் மடல்களை அழியாது காத்து, 1930 என்னும் எண்ணிலோ, தேசியக் கணினிக் குற்றப் புகார்த் தளத்திலோ, மாவட்டக் கணினிக் குற்றக் காவல் நிலையத்திலோ முறையிடுக. பெண்கள், சிறுவர் தொடர்பான சில குற்றங்களை அத்தளத்திற் பெயர் கூறாமலே அறிவிக்கவும் இயலும்.

கல்லூரித் தலைவர்கட்கும் விடுதிக் காப்பாளர்கட்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்வாறு அகப்பட்ட மாணவரோ மாணவியோ உங்கள் முன் வந்து நிற்பின், ‘நீ ஏன் அங்கே சென்றாய்?’ என்பது முதல் வினாவாக வேண்டா. ‘உனக்கு என்ன உதவி வேண்டும்?’ என்பதே முதல் வினாவாகுக. பெற்றோர்க்கு எப்போது, எவ்வாறு அறிவிப்பது என்பதை அவரோடு கலந்தே முடிவு செய்க. வருகைப் பதிவும் தேர்வும் கெடாமற் காத்தல், அறிவுரை கூறுதலினும் பெரிய உதவியாகும்.

எஞ்சியோராகிய நமக்கு உள்ள கடமை எளிது, ஆயினும் அரிது. பிறர் மறை நம் கைப்பேசிக்கு வந்து சேரும் நாள் ஒன்று வரும். அன்று அதனைத் திறவாமலும் மேலும் செலுத்தாமலும் அழித்துவிட்டு, அனுப்பிய நண்பனிடம் ‘இது நமக்கு உரியதன்று’ என்று கூறும் ஆண்மையும் பெண்மையும் நம்மிடம் இருத்தல் வேண்டும். நாம் கற்ற கல்விக்கு அன்றே தேர்வு.